அடுப்படியை உரித்த வாரம்

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த மறுநாள் காலையில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. வீட்டில் நாற்காலி இருக்கிறது, கட்டில் இருக்கிறது, வாசல்படி இருக்கிறது. மூன்றிலும் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்த மாத்திரத்தில் யாரோ முதுகில் தட்டி எழுப்பியது மாதிரி எழுந்துவிடுவேன். டீ போடலாம் என்று அடுப்படிக்குப் போவேன், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பி வருவேன். சித்திரை வெயில். காலண்டர் சீசன் எப்போதோ முடிந்து, எங்கள் திருத்தங்கல் பிரஸ்ஸில் மிஷின் பாதி நாள் உறங்குகிற காலம். வேலைக்காவது போய்த் தொலையலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

என் மனைவிக்கு மூச்சிரைப்பு உண்டு. பனிக்காலத்தில் வரும், தீபாவளிப் புகையில் வரும், வந்த மாதிரியே போய்விடும். இந்தத் தடவை போகவில்லை. தாளித்துக்கொண்டிருந்தவள் கையில் கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாய் திறந்திருக்கிறது, காற்று உள்ளே போகவில்லை. சிவகாசியில் முதலுதவி பார்த்து விருதுநகருக்கு அனுப்பினார்கள். மகள் அங்கேதான் குடியிருக்கிறாள், அது ஒரு தெம்பு. ஆனால் போகிற வழி முழுக்க அவள் நெஞ்சிலிருந்து வந்த அந்த விசில் சத்தம் என் காதுக்குள் குடியேறிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் கேட்டது. அடுப்படிக்குள் போனால் கூடுதலாகக் கேட்டது.

டாக்டர் சின்னப் பெண். மகளை விட வயது குறைவாக இருக்கும். "வீட்ல சமையல் பண்ற இடம் எப்படி? காத்து வருமா? என்ன போட்டுத் துடைப்பீங்க?" என்று கேட்டது. நான் பெருமையாகச் சொன்னேன், பினாயில் போடுவோம், பிளீச்சிங் பவுடர் போடுவோம், தொட்டிக்கு மாதம் ஒரு தடவை ஆசிட் ஊற்றுவோம் என்று. சுத்தமான குடும்பம் என்று மெச்சிக்கொள்ளும் என நினைத்தேன். அந்தப் பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டது.

"ஐயா, இனிமே அது ஒண்ணும் அந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. தூசி கூடாது, பூஞ்சை கூடாது, வாடை கூடாது. நல்ல வாசனைகூட வேண்டாம்."

வெளியே வந்ததும் மகள் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அம்மா எங்கிட்ட இருக்கட்டும். அந்த அடுப்படிக்கு இனி வேண்டாம். அங்கன கரப்பானுக்கே இருமல் வரும்."

கட்டிலில் கிடந்தவளுக்கு எப்படித்தான் கேட்டதோ. மூக்கில் வைத்திருந்த ஆவிக் குழாயைக் கையால் விலக்கிக்கொண்டு சொன்னாள். "நான் எங்க வீட்டுக்குத்தான் போவேன்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்க என் அடுப்படியத் தொடாதீக. மிஷினு மாதிரி கழட்டிப் போட்டுட்டு நட்டு ஒண்ணு போல்ட்டு ஒண்ணுன்னு நிப்பீக" என்றாள். அவ்வளவு பேசியதற்கே இரைத்தது. நர்ஸ் ஓடி வந்து குழாயைத் திரும்ப மாட்டியது.

மகள் என் பெண்சாதியின் மகள்தானே. அவள் ஒரு முடிவு சொன்னாள். "சரிப்பா. ஆஸ்பத்திரியில அனுப்புற அன்னைக்கு நான் முன்னால வந்து பாப்பேன். மூலை மூலையா மோந்து பாப்பேன். என் மூக்குல எதாச்சும் பட்டுச்சு, கார் நேரா எங்க வீட்டுக்குத் திரும்பிரும். அப்புறம் அம்மா அழுதாலும் சரி, நீங்க அழுதாலும் சரி."

ஆக, ஒருத்தி தொடாதே என்கிறாள், ஒருத்தி தொடாமல் ஆகாது என்கிறாள். தொட்டால் பெண்டாட்டி கோபம், தொடாவிட்டால் பெண்டாட்டியே வீட்டுக்கு வர மாட்டாள். நான் கோபத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன்.

எங்கள் அடுப்படியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். சின்ன அறை. கிழக்கே ஒரு மரச் சன்னல். சுவருக்குள் பதித்த கடப்பாக்கல் தட்டுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. தட்டு ஒவ்வொன்றிலும் காலண்டர் தாள் விரித்து ஒட்டியிருக்கும். இந்தப் பக்கத்துப் பிரஸ்காரர்கள் வீடு எல்லாவற்றிலும் அப்படித்தான். மிஷினில் கலர் சரியாக உட்காரும்வரை ஓடுகிற தாள்கள் வீணாகும். சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கமாக விலகி, சாமிக்கு ரெண்டு மூக்கு இருக்கும். அதைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவருவோம். என் மனைவி வீட்டில் இருந்தபடியே பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி ஒட்டிக் கொடுப்பவள். அவளிடம் எந்நேரமும் மைதாப் பசை இருக்கும். நான் தாள் கொண்டுவருவேன், அவள் பசை காய்ச்சுவாள், ரெண்டு பேருமாகத் தட்டில் ஒட்டுவோம். பொங்கலுக்குப் பொங்கல் புதுத் தாள்.

பழைய தாளை உரிக்க மாட்டோம். அதுதான் வழக்கம். சாமி முகம் கிழிந்துவிடும் அல்லவா? அதனால் அதன் மேலேயே புதுசு. பிள்ளையார் மேல் முருகன், முருகன் மேல் லட்சுமி, லட்சுமி மேல் மாதா, இடையில் ஒரு வருசம் பள்ளிவாசல். பிரஸ்ஸுக்கு எல்லாச் சாமியும் ஆர்டர்தான், எங்கள் தட்டுக்கும் அப்படியே. கல்யாணம் ஆன பொங்கலில் ஆரம்பித்தது. வீட்டுக்கு வருகிறவர்கள், "உங்க அடுப்படி கோயில் மாதிரி இருக்கு" என்பார்கள். அவளுக்கு அதில் ஒரு சிரிப்பு வரும்.

அன்றைக்கு மத்தியானம் வேலையை ஆரம்பித்தேன். ஆரம்பித்தேன் என்பதைவிடக் கை தானாகப் போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அடுப்புக்கு மேல் சுவரில், சன்னல் சட்டத்தில், புகை இழுக்கிற காற்றாடியில் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு மஞ்சள் மெழுகாகத் திரண்டிருந்தது. ஒரு பிரஸ்காரனுக்குப் பிசுக்கு என்றால் என்ன ஞாபகம் வரும்? மை அப்பிய ரோலர்தான். ரோலருக்கு மருந்து என்ன? மண்ணெண்ணெய். மிஷின் கழுவ வைத்திருந்ததில் மிச்சம் ஒரு பாட்டில் வீட்டில் கிடந்தது. துணியை நனைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். பிசுக்கு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. ஆகா என்று ஆகிவிட்டது எனக்கு. ரெண்டு நாளாக நெஞ்சில் அடைத்திருந்த ஏதோ ஒன்றும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. சுவர், சட்டம், காற்றாடி இறக்கை, அடுப்புத் திண்டு, ஒன்றும் விடவில்லை. பினாயில் கூடாது என்றார்கள், ஆசிட் கூடாது என்றார்கள், மண்ணெண்ணெய் கூடாது என்று ஒருத்தரும் சொல்லவில்லையே என்று என் புத்தி சமாதானம் வேறு சொல்லிக்கொண்டது.

வேர்த்துக் கொட்டிவிட்டது. ஒரு டீ குடிப்போம் என்று லைட்டரைக் கையில் எடுத்தேன்.

"ஏ கொழுந்தனாரே! கைய எடுங்க! பத்த வைக்காதீக!"

பக்கத்து வீட்டு மதினி. சொந்தம் ஒன்றும் கிடையாது. அவர் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்பேன், அதனால் அவர் மதினி, நான் கொழுந்தன். அந்த முறையில் என்னைக் கேலி பேச அவருக்கு முழு லைசென்ஸ். நாரணாபுரம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அப்போதுதான் கம்பெனி வேனிலிருந்து இறங்கி, என் மனைவி எப்படி இருக்கிறாள் என்று கேட்கப் பின்வாசல் வழியாக வந்திருக்கிறார். வாடை முகத்தில் அடித்திருக்கிறது.

"மொதல்ல சிலிண்டர மூடுங்க. அந்த லைட்டர வெளிய வீசுங்க. துணிய எங்க போட்டீக? அடுப்பு மேலயா? யாத்தே, எடுங்க அத!"

ஒவ்வொன்றாகச் செய்தேன்.

"உள்ள வந்து சொல்லுங்க மதினி."

"நான் எப்படி வருவேன்? சேலை பூராம் மருந்து." மருந்து என்றால் எங்கள் பக்கத்தில் வெடிமருந்துதான். கம்பெனிச் சேலையோடு எந்த அடுப்படி நிலையையும் மதினி தாண்ட மாட்டார், தன் வீட்டு நிலையைக்கூட. கிணற்றடியில் குளித்து மாற்றிய பிறகுதான் அடுப்பு. "நீங்க எண்ணெயில நிக்கீக, நான் மருந்துல நிக்கேன், நடுவுல அடுப்பு. நாளைக்குப் பேப்பர்ல போட்டோ வரணுமாக்கும்?"

"பிசுக்கு நல்லா வந்துச்சு மதினி."

"வரும், வரும். அவ நெஞ்சையும் ரோலர்னு நெனச்சீகளோ? இந்த வாடை போக எம்புட்டு நாளாகும் தெரியுமா?"

வாடை கூடாது என்று சொன்ன இடத்தில், வாடையை நானே வாளியில் கரைத்து நான்கு சுவருக்கும் பூசியிருக்கிறேன். மகள் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. மூலை மூலையாக மோந்து பார்ப்பேன் என்றாளே.

மதினி குளித்து மாற்றிக்கொண்டு வந்தார். அன்று சாயங்காலம் முழுக்க ரெண்டு பேரும் அந்த மண்ணெண்ணெயைத் துரத்தினோம். விறகடுப்புச் சாம்பல் அவர் வீட்டில் உண்டு. குழைத்து அப்பினோம், காய விட்டு வழித்தோம். எலுமிச்சந்தோலைக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரில் துடைத்தோம். மதினியின் அடுப்பில் கொதிக்க வைத்ததுதான். என் அடுப்பைப் பற்ற வைக்க அவர் சம்மதிக்கவில்லை. பிசுக்குக்குப் பூவந்திக்கொட்டையை நசுக்கி ஊற வைத்து நுரை எடுத்தோம். பட்டுச்சேலை கழுவுகிற அந்தக் கொட்டை, காற்றாடி இறக்கையில் இருந்த தார் மாதிரிப் பிசுக்கை இளக்கும் என்று நான் நினைக்கவில்லை. மண்ணெண்ணெய் மாதிரி ஒரு இழுப்பில் வராது. சுடுதண்ணீரில் ஊறப் போட்டு, காத்திருந்து, தேய்த்து, திரும்ப ஊறப் போட்டு. காத்திருப்பதுதான் எனக்குக் கஷ்டம். வாளியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "கோழி அடைகாக்கிற மாதிரி என்ன அதையே பாக்கீக? அது பாட்டுக்கு ஊறட்டும்" என்றார் மதினி.

மகளும் சும்மா இல்லை. கூரியரில் ஒரு பாட்டில் அனுப்பியிருந்தாள், இயற்கை முறையில் தயாரித்தது என்று. முன்னால் பெரிய பச்சை இலை. மூடியைத் திறந்தால் பூக்கடையைத் திறந்த மாதிரி வாசனை. நல்ல வாசனைகூட வேண்டாம் என்று அந்த டாக்டர் பிள்ளை சொன்னது ஞாபகம் வந்து மூடிவிட்டேன். மதினி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இலையப் படமாப் போட்டா இயற்கை, மரத்துல இருந்தா குப்பையாக்கும்? இந்தப் படத்த அடிச்சதே நீங்களாத்தான் இருப்பீக."

லேபிளை உற்றுப் பார்த்தேன். பச்சை ஒரு நூல் விலகியிருந்தது. எங்கள் ஊர் வேலையாக இருக்க நியாயம் உண்டு.

தினமும் மத்தியானம் பஸ் ஏறி விருதுநகர் போவேன். அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். பிடித்தாள், மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"என்ன எலுமிச்சம்பழ வாடை? என் அடுப்படியில கைய வச்சிட்டீகளா?"

"கோயிலுக்குப் போனேன்."

"எந்தக் கோயில்ல சாமிக்குச் சாம்பல் போட்டுத் தேய்க்காக? நகத்தப் பாருங்க, வெந்து போயிருக்கு."

முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஆனால் பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்குகிற இடங்கள் எனக்குத் தெரிந்தன. முன்னெல்லாம் ஒரே மூச்சில் என்னைத் திட்டி முடிப்பவள், இப்போது கமா போட்டுத் திட்டினாள். திரும்பி வருகிற பஸ்ஸில் என்னால் உட்கார முடியவில்லை. சீட் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். கண்டக்டர், "அண்ணாச்சி, நின்னாலும் அதே டிக்கெட்டுத்தான்" என்றார்.

தட்டுகளைத் தொட எனக்கு மனம் வரவில்லை. சுவர் சுத்தம், அடுப்பு சுத்தம், காற்றாடி புதுசு மாதிரி. தட்டுகளை மேலே துடைத்தால் போதாதா என்று பார்த்தேன். கீழ்த் தட்டில் ஒரு டப்பாவை நகர்த்தியபோது தாள் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து கரப்பான் ஒன்று மீசையை ஆட்டியது. மைதாப் பசை அதற்கு விருந்துச் சாப்பாடு.

சரி, உரித்துவிட வேண்டியதுதான். ஆனால் டப்பாக்களை எடுத்தால் திரும்ப வைக்கத் தெரிய வேண்டுமே. அவள் பார்க்காமலே கையை நீட்டிக் கடுகை எடுப்பாள், சீரகத்தை எடுப்பாள். ஒரு விரற்கடை தள்ளி வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அதற்கு எனக்கு ஒரு யோசனை உதித்தது. கலர் மேல் கலர் சரியாக உட்காரப் பிரஸ்ஸில் தாள் ஓரத்தில் குறி போடுவோம். அதே மாதிரி ஒவ்வொரு டப்பாவைச் சுற்றியும் பேனாவால் வட்டம் போட்டு, உள்ளே பெயர் எழுதினேன். கடுகு, வெந்தயம், பெருங்காயம் என்று. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு டப்பாக்களை எல்லாம் நடு வீட்டில் இறக்கினேன்.

சோடா உப்புக் கரைத்த சுடுதண்ணீரில் துணியை நனைத்துத் தாள் மேல் விரித்து ஊற விட்டேன். மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, மை வழிக்கிற கத்தியை அடியில் கொடுத்துத் தூக்கினேன். போன பொங்கல் தாள் முழுசாக வந்தது. முருகன். வேலுக்குப் பக்கத்தில் வட்டம். வட்டத்துக்குள் என் கையெழுத்தில் 'கடுகு'.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். உரிக்கப் போகிற தாளின் மேலேயே குறி போட்டிருக்கிறேன்! பின்வாசலில் மதினி இருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்டு, தெரிந்ததும் படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "விடுங்க. அவ வந்து கடுகத் தேடட்டும். தேடுறதுக்காவது வீட்டுக்கு வருவால்ல."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தை உரித்தேன். அடுக்கு அடுக்காக வந்தது. மேலே உள்ள தாள்கள் முழுசாக வந்தன, கீழே போகப் போகக் கூழ். எண்ணெயும் தண்ணீரும் இறங்கி, முகங்கள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருந்தன. ஒரு கண், ஒரு தாமரை, ஒரு மயில் கழுத்து. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது நான் மிஷினில் கைவைத்த புதிதில் பாழாக்கிய தாள். அந்தப் பிள்ளையாருக்குத் தும்பிக்கை ரெண்டு. அவளிடம் காட்டலாம் என்று பத்திரமாகத் தூக்கினேன்.

தூக்கியதும் பின்பக்கத்தைப் பார்த்தேன். கறுப்பு. அழுக்குக் கறுப்பு இல்லை, மயிர் முளைத்த மாதிரி, வெல்வெட் துணி மாதிரி. கல்லிலும் அதே கறுப்பு, கல்லுக்குப் பின்னால் சுவரிலும் தொட்டித் தண்ணீர் கசிந்த இடம் முழுக்க அதே கறுப்பு. துண்டையும் மீறி ஈர மண் வாடை மூக்கில் ஏறியது.

கீழ்த் தட்டு அது. அதற்கு எதிரேதான் அவள் மணைப்பலகையைப் போட்டு உட்காருவாள். காய் நறுக்குவதும் அங்கேதான், பெட்டி ஒட்டுவதும் அங்கேதான். நான் போய் அந்தப் பலகையில் உட்கார்ந்து பார்த்தேன். தட்டு என் மூக்குக்கு நேராக இருந்தது. பிள்ளையாரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். காதுக்குள் அந்த விசில் சத்தம்.

அப்புறம் அந்த வீட்டில் நான் நின்ற நிலையில் நின்றதாக ஞாபகம் இல்லை. கறுப்பைத் துணியால் ஈரமாகவே வழித்து எடுத்தேன், தூசி பறக்கக் கூடாது என்று. சோடா போட்டுத் தேய்த்தேன். தொட்டிக் குழாய் கசிவை அடைத்தேன். இன்னொரு மூலையிலும் இருக்குமோ என்று சிலிண்டரை நகர்த்திப் பார்த்தேன். அரிசி டிரம்மை உருட்டிப் பார்த்தேன். பார்த்த இடத்தையே மறுபடி பார்த்தேன். மகளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அத்தோடு கதை முடிந்தது.

உரித்த தாள் ஒரு சாக்கு இருந்தது. சாமிகளைக் குப்பையில் போட முடியாது, எரித்தால் புகை. தண்ணீரில் கரைப்பதுதான் முறை என்று பைக்கில் கட்டிக்கொண்டு ஆனைக்குட்டம் அணைக்குப் போனேன். கோடைக்கு வற்றி, நடுவில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. சாக்கை அவிழ்க்கிறேன், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கம்பை நீட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"ஏய், என்னத்தக் கொட்டுறீக?"

"சாமி படம்மா. பழசு. வீட்டம்மாவுக்கு மூச்சு முட்டுதுன்னு அடுப்படியச் சுத்தம் பண்ணேன்."

"ஒங்க வீட்டம்மாவுக்கு முட்டுதுன்னு எங்க ஆட்டுக்கு முட்ட வைக்கீகளோ? இருக்கிறதே இம்புட்டுத் தண்ணி. சாமியக் கொண்டாந்த மாதிரியே கூட்டிட்டுப் போங்க."

அது சொன்னதில் தப்பு என்ன? ஆசிட் வேண்டாம், பினாயில் வேண்டாம் என்று வீட்டில் அவ்வளவு பார்த்துவிட்டு, மையையும் பூஞ்சையையும் ஊர்த் தண்ணீரில் கொட்டப் போனேன். சாமிகளைத் திரும்பக் கட்டிக்கொண்டு சிவகாசிக்கு வந்தேன். பழைய பேப்பர் கடை பாய் சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"காய வச்சுக் கொடுங்கண்ணே. கூழாக்குற மில்லுக்குப் போகும். மறுபடி தாளாத்தான் வரும்."

"எங்க பிரஸ்ஸுக்கே வந்தாலும் வரும்."

"வந்தா நல்லா அடிங்க. மூக்கு ஒண்ணா இருக்கட்டும்."

அதைக் கேட்டுக் கொஞ்சம் சிரித்தேன். தும்பிக்கை ரெண்டு உள்ள பிள்ளையாரை மட்டும் எடுத்துவைக்கலாமா என்று தோன்றியது. பின்பக்கக் கறுப்பை நினைத்துக்கொண்டு சாக்கிலேயே போட்டுவிட்டேன்.

தட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கடையில் விற்கிற பெயிண்ட் இல்லை, கல்லை வாங்கி நீற்றி, வடிகட்டி அடித்தது. காய்ந்த பிறகு வாடை தெரியவில்லை. டப்பாக்களை நினைவு இருக்கிற மட்டும் அடுக்கினேன். கடுகு எங்கே இருந்தது என்பதில் மட்டும் எனக்கும் எனக்கும் தகராறு.

அனுப்புகிற நாள் வந்தது. வாசலில் கார் வந்து நின்றது. மகள் மட்டும் இறங்கினாள். அம்மாவை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பரீட்சைப் பேப்பரைத் திருத்துகிற வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி. சுவரை மோந்தாள். தட்டைத் தடவி விரலைப் பார்த்தாள். தொட்டிக்கு அடியில் குனிந்தாள். காற்றாடியைச் சுற்ற விட்டாள். "நீங்களாப்பா இவ்வளவும்?" என்றாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்புறம் சன்னல் பக்கம் போனாள். நின்றாள். மூக்கைச் சுருக்கினாள்.

"மண்ணெண்ணெய் வாடை."

கல்லை விட்டுப் போயிருந்தது, சுவரை விட்டுப் போயிருந்தது. மரம் குடித்து வைத்திருந்திருக்கிறது. வெயில் ஏறியதும் சன்னல் கதவு அதை வெளியே விட ஆரம்பித்துவிட்டது. நான் தினமும் அதற்குள்ளேயே புழங்கியதில் என் மூக்குக்குத் தெரியவில்லை.

"சொன்னது ஞாபகம் இருக்குல்லப்பா?" மகள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நீங்க பட்ட பாடு தெரியுது. ஆனா அம்மா உசுரு."

"இருடி." பின்னால் அவள் குரல். காரை விட்டு எப்போது இறங்கினாள் என்று தெரியவில்லை. நிலையைத் தாண்டி, வெறும் கல்லாகக் கிடந்த தட்டுகளைப் பார்த்தாள். மொட்டையடித்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை. சன்னல் பக்கம் திரும்பி மோந்தாள்.

"இது இவரு சட்டை வாடை. கல்யாணமான நாள்லேருந்து இதோடத்தான் படுத்து எந்திரிக்கேன்."

"அதுக்காக இனியும் படணுமாம்மா?" என்றாள் மகள்.

நான் கருவிப் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்தேன். கீலில் இருந்த திருகுகளைக் கழற்றினேன். ரெண்டு கதவையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் வெயிலில் சாய்த்தேன். திரும்ப வந்து மரச் சட்டத்தையும் நெம்பி எடுத்தேன். கொஞ்சம் சுவர் உதிர்ந்தது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். சுவரில் சதுரமாக ஒரு ஓட்டை, அதன் வழியாகக் காற்று நேராக உள்ளே வந்தது. அந்தச் சன்னல் கதவு அவ்வளவு காற்றைத் தடுத்துக்கொண்டிருந்தது என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது.

"சொன்னேன்ல, மிஷினு மாதிரி கழட்டுவாருன்னு" என்றாள் அவள், மகளிடம்.

மகள் யோசித்தாள். "ரசம் ஒண்ணு வைக்கிறேன். அது கொதிச்சு இறங்குற வரைக்கும் அம்மா இங்கன உக்காரட்டும். இரைச்சா கிளம்பிருவோம்."

மணைப்பலகையைச் சன்னல் ஓட்டைக்குக் கீழே போட்டேன். உட்கார்ந்தாள். அடுப்பைப் பற்ற வைத்தாள் மகள். புளித்தண்ணீர் கொதித்தது. நான் ரசத்தைப் பார்க்கவில்லை, அவள் சேலை முந்தானை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிளகு வாடை எழுந்தபோது ஒரு தடவை தொண்டையைச் செருமினாள். மகள் சட்டென்று திரும்பினாள். "மிளகுக்குச் செருமாம என்ன செய்வாக? ஒன் ரசம் காரம்" என்றாள் அவள்.

தாளிக்க வேண்டும். அவள் பலகையை விட்டு எழுந்து, பழக்கத்தில் பார்க்காமலே தட்டுக்குக் கையை நீட்டி ஒரு டப்பாவை எடுத்து மகளிடம் கொடுத்தாள். மகள் திறந்தாள். வெந்தயம்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சன்னல் ஓட்டை வழியாகத் தெருவைப் பார்த்தேன்.

தாளிப்புப் புகை அம்மாவுக்கு வேண்டாம் என்று, அதை மகள் பின்வாசல் வழியாகப் போய் மதினி வீட்டு அடுப்பில் செய்து கொண்டுவந்து கொட்டினாள். இரைக்கவில்லை. மகள் காரில் தனியாகத்தான் திரும்பிப் போனாள், நாளைக்கு வருவேன், நாளை மறுநாளும் வருவேன் என்று மிரட்டிவிட்டு.

இப்போது தட்டுகளில் தாள் கிடையாது. ஒன்று ஒட்டினால் என்ன என்று அவள் அவ்வப்போது கேட்பாள், நான் காது கேட்காதவனாகிவிடுவேன். சன்னலுக்குக் கம்பியும் வலையும் மட்டும் போட்டிருக்கிறேன். பெட்டி ஒட்டுவதை வாசலுக்கு மாற்றிக்கொண்டாள். சமையல் பாதி என் கையில். கடுகு அதன் இடத்துக்கு வந்துவிட்டது. அவளே வைத்தாள், சாட்சிக்கு என்னை நிறுத்தி வைத்து.

என் கைதான் இன்னும் நிற்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்து, ஈரத்துணியோடு கீழ்த் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காலையில் துடைத்த தட்டுத்தான். கல்லுக்கும் சுவருக்கும் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தேன், மோந்து பார்த்தேன், திரும்பத் துடைத்தேன். அவள் பலகையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்னைப் பார்த்தாளோ.

"கல்லு தேஞ்சிரும். வந்து உக்காருங்க."

"இதோ, இந்த ஓரம் மட்டும்."

"உக்காருங்கன்னா. நான் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

துணியைப் பிழிந்து காயப் போட்டுவிட்டு, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம்தான்.